ஷேர்பாயின்ட் மேம்படுத்தலும் திருத்தப்பட்ட பக்கங்களும்

ஷேர்பாயின்ட் என்பது நிறுவனப் பணியாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்து கூட்டாகப் பணியாற்ற உதவும் மைக்ரோசாப்ட் மென்பொருள் ஆகும். இதன் 2003 பதிப்பிலிருந்து 2007 பதிப்புக்கு மாறியபோது, பயனர் திருத்தியிருந்த பக்கங்களில் சிக்கல் எழுந்தது.

திருத்தப்படாத பக்கங்கள் வழங்கிக் கணினியின் வட்டிலிருந்த பொது வார்ப்புருவைக் கொண்டு உருவாக்கப்பட்டன. எனவே வார்ப்புரு மாறியதும் அவையும் புதிய தோற்றம் பெற்றன. பிரண்ட்பேஜ் 2003 மென்பொருளால் திருத்தப்பட்ட பக்கமோ தனிப் பிரதியாகத் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டது. இப்பிரதி வார்ப்புருவைச் சாராததால், மேம்படுத்திய பின்னரும் பழைய தோற்றத்திலேயே நீடித்தது.

இத்தகைய பக்கத்தை மூல வார்ப்புருவுக்கு மீட்டமைக்க இயன்றது. அப்போது புதிய தோற்றம் கிடைத்தது. ஆனால் பயனர் செய்த திருத்தங்கள் அழிந்தன. ஆகையால் திருத்தப்பட்ட பக்கங்களை முன்னரே பட்டியலிடுவதும், தரவுத்தளத்தின் நகலில் சோதித்துப் பார்ப்பதும், தேவையான திருத்தங்களை மட்டும் புதிய பதிப்பில் மீண்டும் அமைப்பதும் பாதுகாப்பான வழிமுறைகள் ஆகும்.