ஆப்பிள் மலையில் அறுவடை: பெட்டிக்கு விலையா, எடைக்கு விலையா?

ஆவணி, புரட்டாசியில் காரியாபட்டி, திருச்சுழி பக்கம் நாம் கரிசலை உழுது போட்டுவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதே நாட்களில் இமயமலையின் ஒரு பகுதியில் விவசாயிகள் இரவும் பகலும் தூக்கமில்லாமல் அறுவடை செய்கிறார்கள். மதுரைக் கடைகளில் அந்த மாதங்களில் குவியும் சிம்லா ஆப்பிள் அங்கிருந்து வருவதுதான். நம்மைப் போலவே மழையை நம்பிய சிறு விவசாயிகள் விளைவித்த பழம் அது.

டில்லி வழியாக கால்காவுக்கு ரயிலில் போய், அங்கிருந்து மலை ரயிலிலோ பஸ்ஸிலோ சிம்லா செல்ல வேண்டும். சிம்லாவைத் தாண்டி, தியோக் வழியாக நார்கண்டாவுக்கு ஏறினால் உயரம் சுமார் 9,000 அடி. அதற்கு அப்பால் சரிவில் இறங்கினால் தானேதார், கோட்கர் கிராமங்கள். ஜூலையில் கீழ்ப்பகுதித் தோட்டங்களில் பறிப்பு ஆரம்பமாகும். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுமலை முழுவதும் பறிப்பு நடக்கும். அக்டோபரில் கின்னார் மாவட்டத்தில் முடியும். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சின்னஞ்சிறு வயல்கள். நிலத்தைப் ‘பிகா’ கணக்கில் சொல்கிறார்கள். ஐந்து பிகா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பத்துப் பிகா வைத்திருப்பவரை வசதியுள்ளவர் என்கிறார்கள்!

பெரும்பாலான தோட்டங்களுக்குக் கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. குளிர்காலத்தில் விழும் பனி மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்குவதுதான் அவர்களுடைய பாசனம். பனி குறைந்த ஆண்டு அவர்களுக்குப் பஞ்ச ஆண்டு. நாம் கண்மாயைப் பார்ப்பது போல அவர்கள் மலை உச்சியைப் பார்க்கிறார்கள்.

இந்த மலையில் ஆப்பிள் ஆதியிலிருந்து இருந்த பயிரல்ல. கோதுமை, பார்லி, உருளைக்கிழங்கு விளைந்த இடம். 1870இல் குலு பள்ளத்தாக்கில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் ஒரு தோட்டம் போட்டார். ஆனால் அவை புளிப்பு ரகங்கள், நம் மக்கள் நாக்குக்குப் பிடிக்கவில்லை. 1904இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்து, பின்னர் கோட்கரில் நிலம் வாங்கி, அந்த ஊர்ப் பெண்ணையே மணந்து குடியானவராகிவிட்டார். அவர்தான் 1916இல் அமெரிக்காவின் ஸ்டார்க் நாற்றுப்பண்ணையிலிருந்து ‘ரெட் டெலிஷியஸ்’ என்னும் இனிப்பு ரகக் கன்றுகளைத் தருவித்து நட்டார். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் கன்று கொடுத்துப் பழக்கினார். மலை மக்களைக் கூலியில்லாமல் சுமை தூக்க வைத்த ‘பேகார்’ என்ற வெட்டி ஊழியத்தை எதிர்த்தும் போராடினார். காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1932இல் இந்து சமயத்தைத் தழுவி சத்யானந்த் ஆனார். 1946இல் காலமானார். இன்று இமாசலப் பிரதேசத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஆப்பிள் இருக்கிறது.

பறிப்பு வேலை நிதானமாக நடக்கிறது. பழத்தைப் பிடித்து இழுப்பதில்லை. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி லேசாகத் திருகுகிறார்கள், காம்போடு கையில் வந்துவிடுகிறது. இழுத்தால் பழம் தாங்கும் குட்டைக் கிளை முறிந்து, அடுத்த ஆண்டு மகசூல் போய்விடும். ‘கில்டா’ என்னும் கூம்புக் கூடையை முதுகில் சுமந்து இறக்குகிறார்கள். செங்குத்தான இடங்களில் கம்பி வடம் கட்டிப் பெட்டிகளைப் பள்ளத்தாக்குக்கு ஓடவிடுவதும் உண்டு. வேலையாட்களில் பெரும்பாலோர் நேபாளத்துக்காரர்கள்.

பிறகு தரம் பிரிப்பு. பெரிது, நடுத்தரம், சிறிது, மிகச் சிறிது என்று பிரித்துக் கடைசித் தரத்துக்குப் ‘பிட்டு’ என்று பெயர். (மதுரைப் பிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒவ்வொரு தரமும் தனித்தனிப் பெட்டி. ஒரு பெட்டியில் இரண்டு தரம் கலந்தால் மண்டியில் மொத்தப் பெட்டிக்கும் தாழ்ந்த தரத்தின் விலைதான் கிடைக்கும்.

பெட்டிச் சண்டை

இந்தப் பயணத்தில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் மரத்தைவிடப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் மரப்பெட்டி இருந்தது. காடு அழிகிறது என்று அட்டைப் பெட்டி வந்தது. அதில் மேல்பாதி கீழ்ப்பாதியின் மேல் உறைபோல் இறங்கும். பழத்தைக் கூடுதலாக அடுக்கினால் மூடியும் கூடவே உயரும். விலையோ பெட்டிக்கு இவ்வளவு என்றுதான். வியாபாரி என்ன செய்வான்? ஒரு தட்டு கூட வை, இன்னொரு தட்டும் வை என்றான். 20, 24 கிலோ பிடிக்க வேண்டிய பெட்டி 30 கிலோவைத் தாண்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்கு 6 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 300 பெட்டி அனுப்பும் சிறு விவசாயி 1,800 கிலோ பழத்தை இனாமாகக் கொடுத்ததாகிறது. எந்தப் பூச்சியும் அவ்வளவு தின்றிருக்காது. பல ஆண்டுகள் தோட்டக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகு, 2023இல் அரசு எடைக்கணக்கில்தான் விற்க வேண்டும், பெட்டிக்கு 24 கிலோவுக்கு மேல் கூடாது என்றது. 2024 பருவத்திலிருந்து, உயர்த்த முடியாத ஒரே அளவுப் பெட்டியைக் கட்டாயமாக்கியது. அதில் ஏறக்குறைய 20 கிலோதான் பிடிக்கும்.

இதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கமிஷன் மண்டிக்காரர்கள் பணம் தராமல் இழுத்தடித்துப் போலீஸ் புகார் வரை போனதும் உண்டு. நியாய விலை கேட்ட போராட்டம் அங்கே ரத்தமும் பார்த்திருக்கிறது. 1990 ஜூலை 22 அன்று கோட்கரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தனர். அடிபட்ட, நிறமில்லாத கழிவுப் பழங்களை அரசு நிறுவனங்கள் வாங்கிச் சாறு பிழியும் ஏற்பாடும் இருக்கிறது. அதற்கு 2023இல் கிலோவுக்கு 12 ரூபாய் நிர்ணயித்தார்கள். அந்த ஆண்டுதான் பெருமழையில் மலைச் சாலைகள் சரிந்து, பறித்த பழம் லாரி ஏற வழியின்றி ஓடையில் கொட்டப்பட்டது.

நம் பக்கம் ஆப்பிள் வருமா?

இதைக் கேட்காத விவசாயி இல்லை. டெலிஷியஸ் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 1,000 மணி நேரம் குளிர் வேண்டும். அந்தக் குளிரில் தூங்கினால்தான் மொட்டு வசந்தத்தில் விழிக்கும். காரியாபட்டியில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் ஒரு மணி நேரம் கிடையாது. குறைந்த குளிரில் காய்க்கும் ‘அன்னா’, இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய ‘எச்.ஆர்.எம்.என். 99’ போன்ற ரகங்கள் உண்டு. ஆசைக்கு வீட்டுப் பக்கம் இரண்டு கன்று வைக்கலாம். கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் நடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நம் மண்ணுக்கு வேறு பழம் இருக்கிறது. அதுதான் சீத்தா. அருப்புக்கோட்டைக் கோவிலாங்குளம் மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே ஏ.பி.கே. 1 ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆப்பிள் பறிக்கும் அதே மாதங்களில்தான் இதுவும் பழுக்க ஆரம்பிக்கிறது. ஆனால் ஆப்பிள் மாதக்கணக்கில் தாங்கும், சீத்தா பறித்த மூன்று நான்கு நாளில் குழைந்துவிடும். இந்த அவசரத்தைப் பார்த்துத்தான் கூடைக்கு இவ்வளவு என்று கண்மதிப்பில் கேட்கிறார்கள். கூடை எத்தனை கிலோ பிடிக்கும் என்று ஒரு தடவையாவது வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு வண்டி ஏற்றுங்கள். பெரிது, சிறிது என்று இரண்டு தரமாகவாவது பிரித்து வையுங்கள். மிளகாய் வற்றலுக்குச் சாக்குக் கழிவு, தூசிக் கழிவு என்று எடுக்கும்போதும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சீத்தாவைப் பறிக்கும் பக்குவம் எளிது. மேலுள்ள கண்களுக்கு இடையே பள்ளம் விரிந்து, வெளிர் மஞ்சளாகத் தெரியும் நாளில், சிறிது காம்பு விட்டுக் கத்தரிக்க வேண்டும். கூடையின் அடியில் வைக்கோல் போட்டு இரண்டு அடுக்குக்கு மேல் வைக்காதீர்கள். ஆப்பிளைப்போல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துப் போகும், நிழலான காற்றோட்டமே போதும்.