துளைவாயும் உழைப்பறிவும்

1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020இல் விதிக்கப்பட்டு 2025இல் தளர்ந்த வாகன இறக்குமதித் தடையும், இலங்கையில் மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் ஆயுளைத் தொழிலாளர் கைத்திறனிலேயே தங்கவைத்தன. உப்புக்காற்று வீசும் முந்தல் போன்ற கரையோர ஊர்களில் சிலிண்டர் ஹெட்டைப் பிணைக்கும் ஸ்ரட்டுகள் எளிதில் துருவேறும். புதியதை இட்டு இறுக்குகையில் எஞ்சின் புளொக்கின் முதற்புரி மேலெழக்கூடும். கஸ்கெற் சமமாய்ப் படியாது, அழுத்தம் கசியும். ஆகவே துளைவாயைக் கவுண்டர்சிங்க் கருவியாற் சிறிதே சரித்தல் வேண்டும். ஒற்றை வெட்டுவாய்க் கருவியும் குறைந்த வேகமும் அதிர்வைக் குறைக்கும். தட்டைத்தலைத் திருகு அமரும் துளையிலோ கோணமும் பொருந்தவேண்டும்: மெட்ரிக் வகைக்கு 90 பாகை, அமெரிக்க அங்குல வகைக்கு 82. மிகையாகச் சரித்தாற் புரியின் பிடிப்புக் குறையும். எங்கு நிறுத்துவதென்பதைக் கருவி சொல்லாது. உழைப்பினூடே திரண்ட அறிவே சொல்லும். அதனை வெறுங் கைவேலையெனத் தாழ்த்துவது, மூளையுழைப்பை உடலுழைப்பினின்று பிரிக்கும் வர்க்கப் பார்வையே என நாம் கருதுகிறோம்.