பூட்டிய பீரோவில் பச்சை மடிக்கணினி

பச்சையும் வெள்ளையுமான சின்ன மடிக்கணினி அது. தூக்கிப் போக ஒரு கைப்பிடி. தூசியும் தண்ணீரும் புகாத ரப்பர் விசைப்பலகை. முயல் காதுபோல் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா. மைதானத்தில் உச்சி வெயிலில் உட்கார்ந்தாலும் திரையில் எழுத்து தெரியும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை தூக்கிக்கொண்டு ஓடும், கீழே போடும் என்பதையெல்லாம் யோசித்தே செய்த பொருள். செய்தவர்களின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அதனால்தான் பெரு நாட்டில் அதற்கு நேர்ந்ததைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தை நிறுவியவர்களில் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபான்டே, 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தை 2005இல் அறிவித்தார். விலை 100 டாலர்தான் என்றார். அதே ஆண்டு நவம்பரில் துனிஸ் நகர மாநாட்டில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் முன்னிலையில் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். கரன்ட் இல்லாத ஊரில் கையால் சுற்றியே மின்சாரம் எடுக்க அதில் ஒரு சுழல்பிடி இருந்தது. மேடையிலேயே அது கழன்று வந்துவிட்டது. பிற்பாடு விற்பனைக்கு வந்த கணினியில் சுழல்பிடி இல்லை. விலையும் 200 டாலரை நெருங்கியிருந்தது.

இந்தத் திட்டத்தின் வேர் சீமோர் பேப்பர்ட் என்ற கல்வியாளரிடம் இருக்கிறது. குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயுடன் இருந்து ஆராய்ந்தவர். 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். திரையில் ஒரு ஆமை இருக்கும். 'முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு' என்று பிள்ளை கட்டளை சொல்லச் சொல்ல, ஆமை நகர்ந்து கோடு போடும். சதுரம் வரைய ஆமைக்குச் சொல்லித் தரும் பிள்ளை, சதுரம் என்றால் என்னவென்று தானே கண்டுபிடித்துவிடும். அழகான யோசனை. இன்றும் அதை நான் நம்புகிறேன். ஆனால் ஆமை கோணலாகப் போகும்போது, 'எங்கே தப்பு பண்ணினோம், திரும்பிப் பார்ப்போமா?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். கணினியை அனுப்பியவர்கள் அந்த ஒருவரைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை.

பெரு அரசு 8 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை வாங்கியது. ஏழைக் கிராமங்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. ஆசிரியர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. அப்போது பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. பலன் என்னவென்று பார்க்க, இன்டர்-அமெரிக்க வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். கணினி போன பள்ளிகளில் தலைக்கு ஒன்றுக்கும் மேல் இருந்தது. போகாத பள்ளிகளில் எட்டு பிள்ளைகளுக்கு ஒன்று. சுமார் 15 மாதம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். யோசிக்கும் திறனைச் சோதிக்கும் சில பயிற்சிகளில் மட்டும் கணினி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் முந்தினார்கள். முடிவு 2012இல் வெளியானது.

என்னை உறுத்துவது இன்னொன்று. ஒவ்வொரு கணினியிலும் பிள்ளைகளுக்கான 200 புத்தகங்களை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஐந்து புத்தகம்கூட இல்லாத வீடுகளே அங்கே அதிகம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையின் மடியில் ஒரு நூலகமே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் வாசிக்கும் பழக்கம் கூடவில்லை. 'இந்தக் கதையைப் படித்துவிட்டு வா, நாளைக்கு எனக்குச் சொல்' என்று யாராவது சொல்லியிருந்தால் கூடியிருக்குமோ என்னவோ. கணினியை வீட்டுக்கு எடுத்துப் போன பிள்ளைகளே பாதிக்கும் குறைவு. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சில பள்ளிகள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டின. அந்தத் தலைமை ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடைந்தால் பழுது பார்க்க ஆள் இல்லாத ஊரில் யாராக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பார்கள்.

அதே கண்டத்தில் உருகுவே இருக்கிறது. ஏறத்தாழ 34 லட்சம் மக்கள் வாழும் சின்ன நாடு. 2007 மே மாதம் வில்லா கார்தால் என்ற சிற்றூர்ப் பள்ளியில் இதே பச்சைக் கணினியைக் கொடுத்துத் தொடங்கினார்கள். 2009 முடிவதற்குள் நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. திட்டத்தின் பெயர் 'செய்பால்'. அவர்களின் தேசிய மலர் பூக்கும் மரத்தை நினைவூட்டும் பெயர். நம் ஊர் கல்யாண முருங்கைக்கு அந்த மரம் நெருங்கிய சொந்தம். அதேபோலச் சிவப்பாகப் பூக்கும்.

உருகுவேயிலும் முதல் சில ஆண்டுகளில் வாசிப்பும் கணக்கும் உயரவில்லை என்றுதான் ஆய்வு சொன்னது. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. பள்ளிக்குப் பள்ளி இணையம் போட்டார்கள். கணக்குப் பயிற்சிக்கு, பிள்ளையின் நிலைக்கேற்பக் கேள்வியை மாற்றித் தரும் தளம் ஒன்றை 2013 வாக்கில் கொண்டுவந்தார்கள். அதைப் பயன்படுத்திய பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்ததைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. ஆங்கில ஆசிரியர் கிடைக்காத தொடக்கப்பள்ளிகளுக்குக் காணொளி வழியே வேறு ஊரிலிருந்து, வேறு நாட்டிலிருந்துகூட ஓர் ஆசிரியர் பேசினார். வகுப்பாசிரியர் வெளியே போய்விடவில்லை. அவரும் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்தார். அந்தப் பாடத்தின் அடுத்தடுத்த வகுப்புகளை அவரே நடத்தினார். கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது உருகுவேயால் சட்டென்று இணையத்துக்கு மாற முடிந்தது. அதற்கு முந்தைய 13 ஆண்டு உழைப்பு அது.

நமக்கு அந்த 13 ஆண்டு கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள், 2021 நவம்பர் 1 அன்றுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். இடையில் பாடம் செல்போனில் வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்கும் 'அசர்' ஆய்வின் 2021 அறிக்கைப்படி நாடு முழுவதும் 67.6 சதவீதப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அந்த வீடுகளிலேயே நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். அவர் ராத்திரி வந்தபிறகு யாருக்கு முதலில் கொடுப்பது? பத்தாவது படிக்கும் அண்ணனுக்குத்தான். இரண்டாம் வகுப்புத் தங்கை அதற்குள் தூங்கிப்போயிருப்பாள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் அவள் இழந்தது ஒன்றரை ஆண்டுக்கும் மேல்.

அந்தப் பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் வந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்தே பாடம் தொடங்குவார்கள். மதிப்பீட்டுக்குச் செல்போன் செயலி வந்தது. 2024இல் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குத் தராமல் ஆசிரியருக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதுவே சரியான வரிசையாகப் படுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கை வரவேண்டியது பென்சில் பிடிக்க. நாக்கு வரவேண்டியது ல, ழ, ள பிரித்துச் சொல்ல. அதைக் காதால் கேட்டுத் திருத்த எதிரில் ஒரு டீச்சர் வேண்டும். எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று டீச்சருக்குக் காட்ட, அவர் கையில் ஒரு கருவி இருந்தால் நல்லது.

ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் வேலையே பாட நேரத்தைத் தின்றுவிடுகிறது என்ற ஆசிரியர்களின் குறையைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது. நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும். டீச்சர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நேற்றுவரை அரும்பில் இருந்த ஒரு பிள்ளை, 'மரம்' என்ற சொல்லை இன்றைக்கு முதல் தடவையாகத் தானே கூட்டிப் படித்துவிட்டு, டீச்சர் நிமிர்ந்து பார்ப்பாரா என்று மேசையருகே நின்றுகொண்டிருக்கும்.