முதற்பேறு சத்திரசிகிச்சை, அடுத்தது எவ்வழி?

இலண்டன் வைத்தியசாலைகளின் மகப்பேற்றுப் பிரிவுகளில் எம்மவர் பெண்களைத் திகைக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. முதற் குழந்தையைச் சத்திரசிகிச்சை மூலம் பெற்ற தாய் மீண்டும் கருவுற்று வரும்போது, "இம்முறை நீங்கள் எதை விரும்புகிறீர்கள்?" என்று மருத்துவர் வினவுகிறார். ஊரிலே பெரிய டொக்டர் சொல்வார், நாம் தலையாட்டுவோம். அப்பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு, இவருக்கு விடயம் தெரியாதோ, அல்லது பொறுப்பை எம் தலையிற் போட்டுவிட்டுத் தாம் தப்பப் பார்க்கிறாரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ டொக்டர்" என்று கூறிவிட்டு அவள் வெளியே வந்துவிடுகிறாள். அந்த ஒரு மறுமொழியால் அவள் இழப்பது பெரிது என்று நாம் கருதுகிறோம்.

இக்கேள்விக்குச் சட்டப் பின்னணி உண்டு. நீரிழிவு நோயுள்ள, உருவிற் சிறிய தாயொருவருக்கு, பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. 1999இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த அக்குழந்தை கடும் பாதிப்புக்கு உள்ளானது. மொன்ற்கொமறி வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. உள்ள வழிகள் எவை, ஒவ்வொன்றிலும் கருத்திற்கொள்ள வேண்டிய ஆபத்து எது என்பதைத் தாய்க்கு விளங்கும்படி எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே மருத்துவர் கேட்பது தமக்குத் தெரியாமல் அல்ல.

முதலாவது கீறி எடுத்ததென்றால் அடுத்ததும் அப்படித்தான் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக ஊன்றியுள்ளது. மருத்துவ உலகிலும் அது நெடுங்காலம் நிலவியது. 1916இல் நியூயோர்க் மருத்துவர் எட்வின் கிறேகின் இக்கருத்தை எழுதினார். உண்மையில் அவர் எச்சரித்தது, தேவையின்றி முதற் சத்திரசிகிச்சையைச் செய்யாதீர்கள் என்றே. அன்று கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டினார்கள். அத்தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிரியும் ஆபத்து அதிகம். 1920களில் கிளாஸ்கோ மருத்துவர் மன்றோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையை வலியுறுத்தினார். இன்று பெரும்பாலும் நடைபெறுவது அதுவே. அத்தழும்பு உறுதியானது.

இங்கேதான் அகதிகளாகிய எமக்கே உரிய சிக்கல் தோன்றுகிறது. வயிற்றுத் தோலில் உள்ள தழும்பைப் பார்த்துக் கருப்பையை எவ்விதம் வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. தோலிற் குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் வெட்டியிருக்கலாம், மறுதலையாகவும் இருக்கலாம். அதை அறிவிப்பது சத்திரசிகிச்சைக் குறிப்பு ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ முதற்பேறு நடந்திருந்தால், வீடு திரும்பும்போது தந்த 'டயக்னோசிஸ் கார்ட்' எங்கே? இடப்பெயர்விலே போனது, முகாமிலே நனைந்தது, முகவர் கையிற் கொடுத்த பையோடு தொலைந்தது. ஊரில் தாய் தகப்பனோ சகோதரரோ இருந்தால், அலுமாரியைத் தேடிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வைத்தியசாலைக்கு எழுதிக் கேட்கவும் செய்யலாம். ஒன்றும் அகப்படாவிட்டால், எத்தனையாவது மாதத்தில், என்ன காரணத்தால், எவ்வளவு அவசரமாக வெட்டினார்கள் என்பதை நினைவுகூர்ந்து சொல்லுங்கள். மிகவும் குறைமாதத்தில் நெடுக்கு வெட்டு அவசியமாவதுண்டு என்பதால், இவ்விபரங்கள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். நெடுக்கு வெட்டு என்று உறுதியானால் அடுத்ததும் சத்திரசிகிச்சையே.

குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருந்து, வேறு தடையும் இல்லையெனில் இரு வழிகளும் திறந்திருக்கின்றன. பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் றோயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, இயற்கைப் பிரசவத்துக்கு முயல்வோரில் நூற்றுக்கு 72 முதல் 75 பேர் வெற்றி பெறுகின்றனர். முன்னர் ஒரு தடவையேனும் இயற்கையாகப் பெற்றிருந்தால் அது 85 முதல் 90 ஆக உயர்கிறது. தழும்பு பிரிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. நேர்ந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. அதனாலேயே வீட்டுப் பிரசவத்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை. சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள வைத்தியசாலையில், குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாது கண்காணித்தபடி முயல்கின்றனர். எபிடியூரல் ஊசிக்குத் தடையில்லை. வலி வருவிக்க மருந்து ஏற்றினால் தழும்பு பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும் என்பதைக் கேட்டறியுங்கள். முயன்றும் கைகூடாத நாலில் ஒருத்திக்கு அவசர சத்திரசிகிச்சை நேரும். அது முன்னரே திட்டமிட்டதைவிடச் சிரமமானது.

திட்டமிட்ட சத்திரசிகிச்சையில் நாள் தெரியும், தழும்பு பிரிவது மிக அரிது. வழமையாக 39 வாரம் நிறைந்த பின்னரே செய்வார்கள். முந்தினால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் கூடும். (சோதிடர் குறித்துத் தந்த முகூர்த்தத்துக்காக 37ஆம் வாரத்தில் வெட்டச் சொல்லிக் கேட்பவர்கள் இதைக் கவனிக்க.) எனினும் ஒவ்வொரு வெட்டோடும், அடுத்த கருவில் நஞ்சுக்கொடி பழைய தழும்பிற் பதிந்து கழலாமற்போகும் ஆபத்து ஏறுகிறது. மூன்று நாலு பிள்ளைகள் வேண்டும் என்போர் இதனைத் தனியே எண்ணிப் பார்க்கவேண்டும். ஊரில் என்றால் சரக்கு அரைக்கத் தாய் இருப்பாள், மூத்ததைத் தூக்கி வைத்திருக்க மாமி இருப்பாள். இங்கே கணவன் இரவு வேலை, தாய்க்கு விசா இல்லை. மூத்த பிள்ளையைத் தூக்காமல் வாரக்கணக்கிற் படுத்திருக்க யாரால் முடியும்? இதுவும் மருத்துவரிடம் சொல்லத்தக்க காரணமே.

இன்னொன்று. இயற்கையாய்ப் பெறுவதைச் 'சுகப்பிரசவம்' என்கிறோம். அச்சொல்லே மற்றவளைக் குறையுள்ளவளாக்கி விடுகிறது. முதற் பிரசவத்தில் இருபது மணிநேரம் வலி தின்று, ஈற்றில் அவசரமாக வெட்டப்பட்டவள், அந்தப் பயத்தினாலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சையைத் தெரிவு செய்தால், "வலிக்குப் பயந்தவள்" என்று தொலைபேசியில் நகைப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. மாமியாரின் கௌரவம் அவள் கருப்பையில் இல்லை.

மொழிபெயர்க்கக் கணவனையோ பத்து வயது மகளையோ அழைத்துச் செல்லாதீர்கள். முன்னர் கலைந்த கரு, கலைத்த கரு, முகாமில் நேர்ந்த துன்பம் ஆகியவற்றை அவர்கள் முன்னிலையில் எப்படிச் சொல்வது? பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமாதிடம் முன்கூட்டியே கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. புகலிடக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளோரிடம் பிரசவச் செலவும் அறவிடப்படுவதில்லை. நிராகரிக்கப்பட்டோருக்குப் பின்னர் கட்டணச் சீட்டு வரக்கூடும். ஆயினும் பணமில்லை என்பதற்காக இங்கிலாந்து வைத்தியசாலை எதுவும் பிரசவச் சிகிச்சையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்க, அதற்கு முன்னரே வலி கண்டுவிடுவதும் உண்டு. அவ்வேளை வெட்டுவதா, வலியை அதன் போக்கில் விடுவதா என்று முன்னரே பேசி, உங்கள் குறிப்பேட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வலியோ, நீரோ, இரத்தமோ கண்டவுடன் குறித்த நாளுக்காகக் காத்திராமல், நள்ளிரவானாலும் மகப்பேற்று விடுதிக்குத் தொலைபேசி எடுத்து, முன்னர் ஒருமுறை சத்திரசிகிச்சை நடந்தது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.