வீடியோ அழைப்பில் நெஞ்சழுத்தம்

இதயம் திடீரென நின்றுவிட்டால் மூளை சில நிமிடங்களே தாங்கும். நெஞ்சை அழுத்த ஆளின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 வண்டி எத்தனை விரைந்தாலும், ஒரத்தநாட்டுப் பக்கம் வயல் நடுவே இருக்கும் வீட்டுக்கு அந்தச் சில நிமிடங்களில் வந்துவிட முடியாது. அதுவரை பக்கத்தில் இருப்பவரின் கைகள்தாம் வைத்தியம்.

பயிற்சி இல்லாதவரைத் தொலைபேசியில் பேசியே அழுத்தவைக்கும் முறை அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் 1980களிலேயே வந்துவிட்டது. ஆனால் எதிர்முனையில் வழிகாட்டுபவருக்குக் காது மட்டுமே துணை. நோயாளி கிடப்பது கயிற்றுக் கட்டிலில் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே அழுத்தினால் அமுங்குவது கயிறுதான், நெஞ்சு அல்ல. "மூச்சு இருக்குங்க, இழுத்துக்கிட்டு இருக்கு" என்று வீட்டார் சொல்வதும் பல நேரம் இதயம் நின்றபின் வரும் வெற்று இழுப்பே. அதை மூச்சென்று நம்பிக் கைவைக்காமல் விட்ட குடும்பங்கள் ஏராளம்.

வீடியோ வந்தால் இவை இரண்டும் பார்த்ததுமே பிடிபடும். கட்டுப்பாட்டு அறை அனுப்பும் குறுஞ்செய்தியைத் தொட்டால் கேமரா திறக்கும். இன்னொருவர் கைப்பேசியைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. உள்ளங்கையின் அடிப்பகுதி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இருக்கிறதா, முழங்கை மடங்குகிறதா, நெஞ்சு 5 முதல் 6 செ.மீ. வரை அமுங்கி முழுதும் மேலெழுகிறதா, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தலாம். தென்கொரியாவின் சியோலிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் இம்முறை நடைமுறையில் சோதிக்கப்பட்டது. கோபன்ஹேகனில் கை வைக்கும் இடம், வேகம், ஆழம் மூன்றுமே மேம்பட்டன.

காவிரி டெல்டாவில் இம்முறை வந்தால் கேமராவுக்கு வேறு வேலையும் இருக்கும். மோட்டார் கொட்டகையில் விழுந்தவரின் உடலில் மின்கம்பி பட்டிருந்தால், முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். வாய்க்காலில் மூழ்கியவர் என்றால் சொல்ல வேண்டியது வேறு. 2017-ல் வெளியான இந்திய வழிகாட்டுதல் பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தம் மட்டும் போதும் என்கிறது. ஆனால் மூழ்கியவருக்குக் காற்று கிடைக்காததே சிக்கல். முடிந்தவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாய்வழி ஊத வேண்டும்.

வீடியோ முறையின் பலவீனம் நேரம். படம் வரட்டும் என்று கைகள் காத்திருந்தால் நன்மையைவிடத் தீமையே அதிகம். ஆகவே கட்டுப்பாட்டு அறையினர் குரலால் சொல்லி முதலில் அழுத்தத்தைத் தொடங்கவைத்து, பிறகுதான் படத்துக்கு மாறுகிறார்கள். சிக்னல் போய்ப் படம் உறைந்தால் குரலோடு தொடரலாம். ஒருவர் மட்டுமே இருந்தால் படத்தை விட்டுவிட்டு, ஸ்பீக்கரில் போட்ட கைப்பேசியைத் தரையில் வைத்து அழுத்துவதே சரி.