பட்டதாரிக்கே வேலையில்லாதபோது பத்தாம் வகுப்பு எதற்கு?

தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சு கேட்கிறது. "பி.இ. முடிச்ச பெரியவனே வீட்லதான் இருக்கான். சின்னவனையும் படிக்க வெச்சு என்ன ஆகப்போகுது? வேலைக்கு அனுப்பினா நாலு காசாவது வரும்." படிப்பின் அருமை தெரியாதவர்கள் இப்படிப் பேசுவதில்லை. கடன் வாங்கிப் படிக்கவைத்துப் பலன் காணாதவர்கள்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு அறிவுரை போதாது. கணக்கைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் 'இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை'யை வெளியிட்டன. அதன்படி 2022இல், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். இடைநிலைக் கல்வியோ அதற்கு மேலோ முடித்தவர்களிடம் 18.4 சதவீதம். பட்டதாரிகளிடம் 29.1 சதவீதம்.

படிக்கப் படிக்க வேலை எட்டிப்போவதாகவே இது தோன்றும். ஆனால், வேலை தேடியும் கிடைக்காதவரைத்தான் இந்தக் கணக்கு வேலையற்றவர் என்கிறது. கையில் படிப்போ காசோ இல்லாதவரால் காத்திருக்க முடியாது. சித்தாள் வேலை, மூட்டை தூக்குவது என்று எது கிடைத்தாலும் அன்றே இறங்கிவிடுவார். கணக்கில் அவர் வேலையுள்ளவர். கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, எந்த வயதுவரை உடம்பு தாங்கும் என்பதெல்லாம் அந்த 3.4 சதவீதத்தில் தெரியாது.

சான்றிதழ் எங்கெல்லாம் கேட்கப்படுகிறது?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 2024இல் 6,244 இடங்கள் என்று அறிவித்தபோது 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதில் பட்டதாரிகளும் ஏராளம். வேலை அரிதாகும்போது நடப்பது இதுதான்: மேலே இடம் கிடைக்காதவர்கள் ஒரு படி இறங்கிவந்து போட்டியிடுவார்கள். பட்டதாரிக்கு இறங்கிவர ஒரு படி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவரால் அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

வெளிநாட்டு வேலைக்கும் இது பொருந்தும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், பொதுவாக அரசின் குடியேற்ற அனுமதி பெற்றாக வேண்டும். தேறியவருக்கு அது தேவையில்லை. ஏமாற்றிலிருந்து காப்பதற்காக வந்த விதிதான் இது. ஆனால் அந்த அனுமதி இல்லாமலே போகக் குறுக்குவழி காட்டும் இடைத்தரகரிடம் சிக்குகிறவர்கள் படிப்பு குறைந்தவர்களே.

தொழில் கற்கவும் இதே கதவுதான். ஐடிஐயில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். பாலிடெக்னிக்கிலும் அப்படியே. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் உரிய தகுதி இருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இடையில் சில ஆண்டுகள் வேலைக்குப் போனவரும் திரும்பிவந்து ஏற முடிந்த பாதை இது.

மந்த காலத்தில் படித்தவர்கள்

பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய 1933இல் அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலையில்லை. ஆலைகளில் இடமில்லாமல் போன பதின்வயதினர் பள்ளியிலேயே தங்கினார்கள். 1910இல் அங்கே பள்ளி முடிக்கும் வயதினரில் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் சுமார் 9 சதவீதம். 1940இல் ஏறத்தாழ பாதிப் பேர். அந்த வளர்ச்சி மந்தத்துக்கு முன்பே தொடங்கியதுதான். மந்தம் அதை நிறுத்தவில்லை, வேகப்படுத்தியது. பின்னர் பொருளாதாரம் எழுந்தபோது, படித்த ஒரு தலைமுறை அதற்குத் தயாராக இருந்தது.

காரணம் எளிது. வேலை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில், படிப்பதற்காக ஒரு சிறுவன் இழக்கும் கூலி பெரிது. கிடைக்காத காலத்தில் அது சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக விட்ட இரண்டு வருடப் படிப்பைப் பின்னால் மீட்பது கடினம்.

பதினான்கு வயதில் விடுபடும் கை

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைதான், அதாவது எட்டாம் வகுப்புவரைதான். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயதுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. இலவசமாகப் படிக்கும் சட்ட உரிமை முடியும் வயதிலேயே வேலைக்குப் போகும் அனுமதி தொடங்குகிறது. குடும்பம் தடுமாறும் நேரத்தில் பிள்ளை எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'புதுமைப்பெண்', 2024இல் தொடங்கிய 'தமிழ்ப்புதல்வன்' திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பள்ளியை முடித்து உயர்கல்வியில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பணம் வரும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு இன்றே கைகொடுக்கும் உதவியும் வேண்டும்.

பள்ளியும் தன் பங்கைச் செய்ய வேண்டும்

மாணவர்களின் கல்வி நிலையை அளக்கும் 'ஏசர்' 2023 ஆய்வு, நாடெங்கும் தேர்ந்தெடுத்த கிராமப்புற மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைச் சோதித்தது. நான்கில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்கள் மாநில மொழியில் சரளமாக வாசிக்க வரவில்லை. பாதிக்கு மேற்பட்டோருக்கு எளிய வகுத்தல் கணக்கு வரவில்லை. படிப்பு வராமல் வெறும் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால், பெற்றோரின் சந்தேகம் நியாயமாகிவிடும்.

தேர்வில் தவறிய பிள்ளைக்குச் சில வாரங்களில் துணைத் தேர்வு வருகிறது. பிறகும் தனித்தேர்வராக எழுதலாம். வீட்டில் இதைச் சொல்ல ஆள் வேண்டும். பள்ளியே தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

பள்ளிப் படிப்பு வேலையை உருவாக்காது. அதை உருவாக்கும் கடமை அரசுக்கும் தொழில்துறைக்கும் உரியது. அவர்கள் தவறியதற்கான தண்டனையைப் பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளியை விட்டு அனுபவிக்கக் கூடாது. படிக்கும் உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்புவரை சட்டமாக்குவதே வேலையின்மை மிகுந்த இந்தக் காலத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம்.