தழும்பில் வளரும் கட்டி

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து திண்டுக்கல்லுக்கு இறங்கும் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் அடிவயிற்றைப் பிடித்தபடியே வந்தார். நான் மகப்பேறு மருத்துவர் என்று அறிந்ததும் தயக்கத்துடன் சொன்னார்: "சிசேரியன் பண்ணி ஒம்பது வருசமாச்சு டாக்டரம்மா. தையல் போட்ட இடத்துல ஒரு கட்டி. மாசாமாசம் தூரமாகுறப்ப வீங்கி வலிக்குது."

உள்ளே தங்கிய தையல் நூல் என்றார் ஒரு மருத்துவராம்; குடலிறக்கம் என்றாராம் மற்றொருவர். வலி மாதவிடாயோடு வருகிறதா என்று எவருமே கேட்கவில்லை.

கருப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் தடித்து உதிர்கிறது. அதையொத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். சிசேரியனின்போது அச்செல்கள் சில வயிற்றுச்சுவர்க் காயத்தில் படிந்து வேர்பிடித்துவிடுவதுண்டு. இடம் மாறினாலும் அவற்றின் குணம் மாறுவதில்லை. ஹார்மோன்களுக்கேற்ப வீங்கிக் கசிகின்றன. கசிந்த குருதி வெளியேற வழியின்றிக் கட்டியாகிறது. கருப்பை நீக்க அறுவைத் தழும்பிலும் இது தோன்றலாம்.

சிசேரியன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. ஆனால், தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. அப்படியிருக்க, அரிதென்று ஒதுக்கிவிட இயலுமா?

எண்டோமெட்ரியோசிஸ் புற்றாக மாறக்கூடும் என்பதை 1925-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் விளக்கி, அதை உறுதிசெய்யும் அளவுகோல்களையும் வகுத்தார். அவ்வாறு மாறுபவை பெரும்பாலும் சினைப்பையில்தான். தழும்பில் புற்று தோன்றுவது மிகமிக அபூர்வம். மருத்துவ ஏடுகளில் தனித்தனி நோயாளிக் குறிப்புகளாகவே அது பதிவாகிறது. அவற்றுள் 'கிளியர் செல்' வகையே மிகுதி. அறுவை நடந்து பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே அது தலைகாட்டுவதால், பழைய தழும்பை நோயாளியும் நினைப்பதில்லை, மருத்துவரும் நினைப்பதில்லை. மாதக் கணக்கை மீறி வலி நீடித்தாலோ, கட்டி விரைந்து பெருத்தாலோ, மாதவிடாய் நின்ற பின்னும் வளர்ந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

சாதாரணக் கட்டியைச் சுற்றியுள்ள நலமான திசுவையும் சிறிது சேர்த்து அகற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அகற்றியதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாதிருப்பது, என் பார்வையில், மன்னிக்க முடியாத அலட்சியம்.

வலி வரும் நாளையும் விலக்காகும் நாளையும் நாள்காட்டியில் குறித்து அறுவை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். "பயப்படுற மாதிரி எதுவும் இருக்குமா?" என்றார். "பெரும்பாலும் இருக்காதும்மா. ஆனா, எடுத்த கட்டிய டெஸ்டுக்கு அனுப்புனாங்களான்னு கேட்காம வீட்டுக்கு வந்துறாதீங்க" என்றேன். அதற்குள் திண்டுக்கல் வந்துவிட்டது.